கப்பலுக்கு என்னத்தை ஊத்தறது?

கடல் பார்க்கணும்னா ராமேஸ்வரம் பஸ் ஏறுகிற ஊர்க்காரர்கள் நாம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து கப்பல் எரிபொருள் பற்றி இத்தனை கடிதங்கள் வந்ததில் எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. இந்த இதழ் முழுக்க அதுக்கே.

கோயமுத்தூருக்குக் கடலே இல்லை. கப்பல் எண்ணெயைப் பற்றி நாம எதுக்குங்க கவலைப்படணும்?
(மளிகைக் கடைக்காரர், சிங்காநல்லூர்)

சிறுவாணி அணைகூடத்தான் கேரளாவில் இருக்கிறது. தண்ணி குடிக்கிறது யாருங்க?

திருப்பூரில் தைத்த பனியன் லாரியில் தூத்துக்குடி போகிறது. அங்கிருந்து சின்னக் கப்பலில் கொழும்பு, கொழும்பில் பெரிய கப்பல் மாறி ஐரோப்பா. திருப்பூரிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்ப் பின்னலாடை ஏற்றுமதியாகிறது, அதில் நிறைய இந்த வழியில்தான். அந்தக் கப்பல் விடுகிற புகையில் நம்ம நூலும் இருக்கு.

கப்பலுக்கு ஊற்றுவது டீசல்தானே?
(டிராக்டர் மெக்கானிக், அன்னூர்)

டீசலாக இருந்தால் தேவலையே! கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் வடித்தெடுத்த பிறகு அடியில் தங்குகிற கசடு அது.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் இன்ஜினியர் ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொஞ்சம் வைத்திருந்தார். மூடியைத் திறந்து கவிழ்த்துக் காட்டினார். பத்து எண்ணும் வரை ஒரு சொட்டு விழவில்லை. பிறகு கறுப்பு நாக்கு மாதிரி மெல்ல நீண்டது. ரோடு போடுகிற இடத்து வாசனை. சூடாக்கினால்தான் இது குழாயில் ஓடும். நூறு டிகிரிக்கு மேல் காய்ச்சினால்தான் இன்ஜினுக்குள் தெளிக்கவே முடியும். உங்க டிராக்டரில் ஊற்றிப் பாருங்க, அப்புறம் அது உழவு ஓட்டாது, தார் ரோடுதான் போடும்.

மொத்தக் கப்பலும் சேர்ந்து எவ்வளவு குடிக்கும்?
(ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்)

ஆண்டுக்குச் சுமார் 30 கோடி டன். உலகம் விடுகிற பசுங்குடில் வாயுக்களில் நூற்றுக்கு மூன்று பங்கு கப்பலுடையது. அதே கப்பல்தான் உலக வணிகச் சரக்கில் 80 சதவீதத்துக்கு மேல் சுமக்கிறது. சுமை தூக்குகிறவர் இருமினால் வைத்தியம் பார்க்கணும் டீச்சர், வேலையை விட்டு நிறுத்தக் கூடாது.

உலகத்துக்கே ஒரு சட்டம் போட்டால் கப்பல்காரன் கேட்பானா?
(வழக்கறிஞர், நாமக்கல்)

ஏற்கெனவே கேட்டிருக்கிறான். கப்பல் எண்ணெயில் கந்தகம் 3.5 சதவீதம் வரை இருக்கலாம் என்றிருந்ததை 0.5 ஆகக் குறைத்தார்கள். 2020 ஜனவரி 1 முதல், உலகம் முழுக்க, ஒரே நாளில். பந்தியில் எல்லாருக்கும் ஒரே சாம்பார் என்றால் உப்பு குறைந்தாலும் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள். பக்கத்து இலையில் மட்டும் பாயசம் விழுந்தால்தான் சண்டை.

எண்ணெய்க்கு மாற்றாக என்னென்ன வரிசையில் நிற்கிறது?
(தரகர், தாராபுரம்)

தரகருக்குத் தகுந்த கேள்வி. ஜாதகங்களை விரிக்கிறேன். மெத்தனால்: பார்க்கத் தண்ணி மாதிரி, சாதாரண வெப்பத்தில் திரவமாகவே இருக்கும். ஆனால் எண்ணெயில் பாதி சக்திதான், அதனால் தொட்டி இரட்டிப்பு. அமோனியா: மைனஸ் 33 டிகிரியில் திரவமாகும். கரி அணுவே கிடையாது, ஆனால் மூச்சில் ஏறினால் ஆளைச் சாய்க்கும். ஹைட்ரஜன்: மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்வித்தால்தான் திரவமாகும். வைத்துக்காக்கிற செலவிலேயே மாமனார் வீடு கடனாகிவிடும். கழிவிலிருந்து எடுக்கிற உயிரி எரிவாயு: தங்கமான பிள்ளை, ஊருக்கு ஒன்றுதான்.

தோஷமில்லாத ஜாதகம் ஒன்றுமில்லை. முகூர்த்தத்தைத் தள்ளிப்போடவும் வழியில்லை.

மெத்தனாலா? கள்ளக்குறிச்சியில் ஆளைக் கொன்றதே அதுதானே!
(கல்லூரி மாணவி, ஈரோடு)

அதேதான் அம்மிணி. 2024 ஜூனில் அது கலந்த கள்ளச்சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர் போனது. அதை ஒதுக்கிவிட்டு இந்தப் பதிலை எழுத எனக்குக் கை வராது.

கப்பலில் அதற்கு இரட்டைச் சுவர்க் குழாய், கசிவு காட்டும் கருவி எல்லாம் உண்டு. பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது என்பதால் தீயணைப்புக்குத் தனிப் பயிற்சி. இவ்வளவும் இருந்தாலும் என் கவலை ஒன்றுதான். துறைமுகத்துத் தொட்டியில் ஏறுகிற ஒவ்வொரு லிட்டரும் எங்கே இறங்கியது என்று கணக்கு இருக்கணும். தொட்டிக்குப் பூட்டு போட்டால் போதாது, கணக்கு நோட்டுக்கும் காவல் வேணும்.

பேச்சு போதும். மெத்தனாலில் ஓடுகிற கப்பல் ஒன்றைக் காட்டுங்க.
(லாரி உரிமையாளர், சங்ககிரி)

ஒன்றென்ன, இரண்டு. 2015-லேயே ஸ்டெனா ஜெர்மானிகா என்ற பயணிகள் கப்பலை மெத்தனாலுக்கு மாற்றி ஸ்வீடனுக்கும் ஜெர்மனிக்கும் இடையே ஓட்டினார்கள். 2023-ல் லாரா மெர்ஸ்க் வந்தது. மெத்தனாலில் ஓடுவதற்கென்றே கட்டிய முதல் கண்டெய்னர் கப்பல், 2,100 பெட்டி பிடிக்கும். சங்ககிரியில் நிற்கிற லாரிகளை வைத்துப் பார்த்தால், ஒரு தெரு லாரிச் சுமை.

எரிபொருள் இல்லாமல் கப்பல் கட்ட மாட்டேன் என்கிறார் முதலாளி. கப்பல் இல்லாமல் எரிபொருள் காய்ச்ச மாட்டேன் என்கிறார் ஆலைக்காரர். கோழி முதலா, முட்டை முதலா?
(கோழிப்பண்ணையாளர், நாமக்கல்)

நாமக்கல்லிலிருந்தே இந்தக் கேள்வி வந்தது நான் செய்த புண்ணியம்!

முதலில் வந்தது கோழியுமில்லை, முட்டையுமில்லை, விலை. 1982-ல் முட்டை ஒருங்கிணைப்புக் குழு வருவதற்கு முன்னால் உங்க முட்டைக்கு விலை சொன்னவர் வியாபாரி. பண்ணைக்காரர்கள் கூடி விலையைத் தாங்களே அறிவிக்க ஆரம்பித்த பிறகு கோழியும் பெருகியது, முட்டையும் பெருகியது. கப்பலிலும் அதே கதை. 'இத்தனை ஆண்டுக்கு, இந்த விலைக்கு, இவ்வளவு வாங்குகிறோம்' என்று பலர் கூடி எழுதிக் கொடுத்தால், ஆலைக்காரருக்கு வங்கி கடன் கொடுக்கும்.

அப்படிக் கூடி வாங்கி விலை குறைந்த கதை நம்ம நாட்டில் உண்டா?
(ஆடிட்டர், ஆர்.எஸ்.புரம்)

உண்டுங்க. 13 உர ஆலைகளின் தேவையை ஒரே மூட்டையாகக் கட்டி, மத்திய அரசின் சூரியசக்திக் கழகம் பசுமை அமோனியாவுக்கு ஏலம் விட்டது. 2025 ஜூலையில் திறந்த முதல் ஏலத்தில் கிலோ 55 ரூபாய் 75 காசு. அதற்கு முந்தைய ஆண்டு ஐரோப்பிய ஏலத்தில் வந்த விலை கிலோவுக்கு நூறு ரூபாய்ப் பக்கம். உரத்துக்கு வாங்கினாலும் கப்பலுக்கு வாங்கினாலும் அமோனியா ஒன்றுதான். கும்பலாகப் போனால் ஜவுளிக் கடைக்காரரே காபி வாங்கிக் கொடுக்கிறார், ஆடிட்டர் சார்.

பச்சை எரிபொருளை ஏதோ ஒரு கப்பலில் ஊற்றுவார்களாம். என் பெட்டி வேறு கப்பலில் போகுமாம். ஆனால் காசு கொடுத்ததால் புகை குறைந்த கணக்கு என் பேரில் ஏறுமாம். இது ஏமாற்று வேலை இல்லையா?
(நூற்பாலை மேலாளர், பல்லடம்)

நல்லா இருக்குங்க! இந்த முறையில் முப்பது வருஷமாக வாழ்கிற ஊரிலிருந்து இந்தக் கேள்வியா?

உங்க மில்லின் காற்றாடி எங்கே சுற்றுகிறது? முப்பந்தலில். ஸ்பிண்டில் எங்கே சுற்றுகிறது? பல்லடத்தில். அந்தக் காற்றில் பிறந்த மின்சாரம்தான் இந்த ஸ்பிண்டிலைச் சுற்றியது என்று மருதமலையில் சூடம் அடிப்பீர்களா? அங்கே கம்பியில் ஏற்றிய யூனிட், இங்கே பில்லில் கழிகிறது. ஆடியில் ஓடியதை ஐப்பசியில் எடுக்க மின்வாரியத்தில் 'பேங்கிங்' வேறு.

கப்பல்காரர்கள் இதையே 'புக் அண்டு கிளெய்ம்' என்கிறார்கள். எந்தக் கப்பலில் ஊற்ற வசதியோ அதில் ஊற்று, மிச்சமான புகையை நோட்டில் எழுது, காசு கொடுத்தவர் பேரில் வரவு வை. வானத்துக்கு எந்தக் கப்பல் என்ற பேதம் கிடையாது.

ஒரே ஒரு விஷயத்தில் நான் கறார். ஒரே யூனிட்டை இரண்டு பேருக்கு விற்றால் அது கணக்கு இல்லை, களவு.

போட்டிக்காரனோடு சேர்ந்து எரிபொருளுக்குக் காசு போடுவதா? நடக்கிற காரியமா?
(சாயப்பட்டறைக்காரர், திருப்பூர்)

உங்க பட்டறைக் குழாயும் உங்க போட்டிக்காரர் குழாயும் இன்றைக்கு ஒரே தொட்டியில்தானே விழுகிறது?

2011 ஜனவரி கடைசியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் ஊரே இருண்டது. அதற்குப் பிறகுதான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடாத நிலைக்கு வந்தன. தனி ஆளாக அந்த எந்திரம் வாங்க முடியாது என்பதால் தெருவே சேர்ந்து வாங்கியது. வருகிற லிட்டருக்கு மீட்டர், மீட்டருக்குத் தகுந்த காசு.

அப்படி ஒரு நிலையத்தில் கடைசிக் கொட்டகை வரை போய்ப் பார்த்தேன். கறுப்பும் சிவப்புமாக வந்த தண்ணீர் ஒரு பக்கம் தெளிந்து பட்டறைக்கே திரும்பிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் வெள்ளை உப்பு, இடுப்பளவு குவியல். அதுவும் மறுபடி சாயத் தொட்டிக்கே போகுமாம். "இது எந்தப் பட்டறை உப்புங்க?" என்று கேட்டேன். ஒரு கைப்பிடி அள்ளிக் காட்டிய பெரியவர் சொன்னார்: "இங்க வந்த பெறகு உப்புக்கு ஊரு பேரு கெடையாதுங்க."

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லணும். நாம் தானாகக் கைகோர்க்கவில்லை. ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணி தேங்கி, நொய்யல் பாசன விவசாயி நிலம் கெட்டு, அவர் கோர்ட்டுக்குப் போன பிறகுதான் கோர்த்தோம். கப்பல் புகைக்கு வழக்குப் போட நொய்யல் விவசாயி வர மாட்டார். அதனால்தான் இவ்வளவு சத்தம் போடுகிறேன்.

பச்சை எரிபொருள் என்றால் ஒரு டி-ஷர்ட்டுக்கு எவ்வளவு கூடும்? வளைக்காமல் சொல்லவும்.
(ஏற்றுமதியாளர், அவிநாசி)

பேப்பர் பென்சில் எடுங்க. ஒரு டி-ஷர்ட் 150 கிராம். கொழும்பிலிருந்து ராட்டர்டாம் சூயஸ் வழியாகச் சுமார் 12,000 கிலோமீட்டர். பெரிய கண்டெய்னர் கப்பல் ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் தூக்கிப்போக சுமார் 10 கிராம் கரியமில வாயு விடுகிறது என்று வைப்போம். ஆக உங்க சட்டைக்கு 18 கிராம். அதற்கு எரிந்த எண்ணெய் சுமார் 6 கிராம். டன் 550 டாலர் என்றால் 30 காசு. பச்சை எரிபொருள் நான்கு மடங்கு விலை என்றே வைத்துக்கொள்ளுங்க, கூடுவது 90 காசு.

லண்டனில் சட்டை விற்கிற விலையில், அது கொக்கியில் தொங்குகிற சீட்டு அட்டைக்கு ஆகிற காசு.

அந்த 90 காசையும் எங்க தையல் கூலியில்தானே கழிப்பார்கள்?
(டைலர், அனுப்பர்பாளையம்)

இதுதான் கேள்வி! இந்த இதழுக்கு வந்ததில் இதற்குத்தான் முதல் பரிசு.

நம்ம சரக்கு பெரும்பாலும் எஃப்.ஓ.பி. கணக்கு. துறைமுகத்தில் கப்பல் ஏற்றுவதோடு நம்ம செலவு முடிகிறது. கப்பல் எது, கூலி எவ்வளவு என்பது வாங்குகிறவர் பொறுப்பு. ஆகவே அந்த 90 காசு அவர் சட்டைப் பையிலிருந்து வரவேண்டியது. அதை 'சுற்றுச்சூழல் தள்ளுபடி' என்று பேர் வைத்து அடுத்த ஆர்டரில் பீஸ் விலையில் குறைத்தால், நேராக உங்க மெஷின் மேல்தான் வந்து விழும். தனித்தனியாகப் போகிற கம்பெனி தலையாட்டிவிட்டு வரும். திருப்பூரில் 1990 முதல் ஏற்றுமதியாளர் சங்கம் இருக்கிறது. கரூர்க்காரர்களையும் கோவை மில்காரர்களையும் கூட்டிக்கொண்டு 'எரிபொருள் கூலி தனி வரி, தையல் கூலி தனி வரி' என்று பில்லில் பிரித்து எழுத வைக்கணும். இரண்டும் ஒரே வரியில் இருக்கும்வரை உங்களுக்குத் தூக்கம் வரக் கூடாது, எனக்கும் வராது.

வாங்குகிற பிராண்டுகள் இதற்கு ஒத்துக்கொள்ளுமா?
(மெர்ச்சண்டைசர், திருப்பூர்)

பலர் கையெழுத்தே போட்டாச்சுங்க. 2021 அக்டோபரில் அமேசான், ஐகியா, யூனிலிவர், ஜாராவின் தாய்க் கம்பெனி இண்டிடெக்ஸ் உள்ளிட்ட ஒன்பது பேர், 2040-க்குள் கரியில்லாத எரிபொருளில் ஓடும் கப்பலில் மட்டும்தான் சரக்கு ஏற்றுவோம் என்றார்கள். அந்த முயற்சியிலிருந்து 2023-ல் சரக்குக்காரர்கள் கூட்டாக வாங்கும் 'ஜெம்பா' என்ற அமைப்பு முளைத்தது. 2024-ல் அதன் முதல் ஏலத்தை எடுத்தது ஹபாக்-லாய்டு. கழிவிலிருந்து எடுத்த உயிரி மீத்தேனில், சிங்கப்பூர்-ராட்டர்டாம் தடத்தில்.

அடுத்த முறை பையர் வீடியோ காலில் 'லீட் டைம்' பற்றிக் கேட்டால், நீங்க ஜெம்பா பற்றிக் கேளுங்க. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் மைக் மியூட்டில் இருக்கும்.

ஐரோப்பாவில் கப்பலுக்கு ஏதோ 'பூல்' சட்டமாமே?
(சீட்டுக் கம்பெனி ஊழியர், பொள்ளாச்சி)

உங்க தொழில்தான். 2025 ஜனவரி முதல் ஐரோப்பியத் துறைமுகம் தொடுகிற பெரிய கப்பல்கள், எரிபொருளில் இருக்கிற கரியின் அளவை 2 சதவீதம் குறைக்கணும். 2030-ல் 6, 2050-ல் 80. தவறினால் அபராதம். ஆனால் பத்துக் கப்பல் ஒரு கூட்டுக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு கப்பல் நிறையக் குறைத்திருந்தால் மற்ற ஒன்பதுக்கும் அது ஈடுகட்டும். அந்த ஒரு கப்பலுக்கு மற்றவர்கள் காசு கொடுப்பார்கள். சீட்டு எடுத்தவர் ஊரை விட்டு ஓட முடியாத ஒரே சீட்டு இது.

ஐ.நா. சபை என்ன செய்கிறது?
(ஓய்வு பெற்ற தபால்காரர், சத்தியமங்கலம்)

லண்டனில் இருக்கிற அதன் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2023 ஜூலையில் '2050 வாக்கில் நிகரப் புகை பூஜ்யம்' என்றது. 2025 ஏப்ரலில், அளவுக்கு மேல் புகைவிடும் கப்பலிடம் காசு வாங்கும் திட்டத்துக்கு 63 நாடுகள் ஆதரவு, 16 எதிர்ப்பு. இந்தியா ஆதரவுப் பக்கம். அக்டோபரில் இறுதி முடிவுக்குக் கூடினார்கள். அமெரிக்கா மேஜையைத் தட்டியது. 57-க்கு 49 என்று வாக்கெடுத்து ஒரு வருஷம் தள்ளிவைத்தார்கள்.

முகவரி சரி, தபால்தலை சரி. கடிதம் இன்னும் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. இந்த ஒரு வருஷத் தாமதத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தூத்துக்குடியில் நிஜமாக ஏதாவது நடந்திருக்கிறதா, இல்லை அறிவிப்பு மட்டும்தானா?
(பத்திரிகை முகவர், காங்கயம்)

இரண்டும். காண்ட்லா, பாரதீப், தூத்துக்குடி மூன்றையும் பசுமை ஹைட்ரஜன் மையங்களாக மத்திய அரசு குறித்தது. 2025 செப்டம்பர் 5-ந் தேதி தூத்துக்குடித் துறைமுகத்தில் 3.87 கோடி ரூபாயில் ஒரு சோதனை ஹைட்ரஜன் நிலையம் திறந்தார்கள். அதே நாளில் கப்பலுக்கு மெத்தனால் நிரப்ப, 750 கன மீட்டர் கொள்ளளவில் 35.34 கோடி ரூபாய் நிலையத்துக்கு அடிக்கல். காண்ட்லா-தூத்துக்குடி கடலோரப் பாதையைப் பசுமைத் தடமாக்குவது நோக்கம். மெத்தனாலில் ஓடுகிற கப்பல் வந்து 'ஊத்துப்பா' என்று நிற்கிற நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

சோதனை நிலையம் மணிக்கு 10 கன மீட்டராமே. பெரிசா, சிறுசா?
(பாலிடெக்னிக் மாணவர், பீளமேடு)

எடையில் பார்த்தால் மணிக்கு 900 கிராம் ஹைட்ரஜன். பெரிய கப்பல் ஒரு நாளைக்கு நூறு டன்னுக்கு மேல் எண்ணெய் குடிப்பது உண்டு. யானைப் பசிக்குச் சோளப்பொரிகூட இல்லை, தம்பி.

ஆனாலும் கேலி செய்யாதே. 1937-ல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைக் கோவையில் செய்தபோதும், ஒரு கிணற்றுக்குத்தான் போதும் என்று யாரோ சொல்லியிருப்பார். இன்றைக்கு மோட்டார் பம்ப் என்றால் நாடே பீளமேட்டைத்தான் பார்க்கிறது.

கோவை பம்பு செட்டுக்கு இதில் வேலை இருக்கா?
(ஃபவுண்டரி உரிமையாளர், கணபதி)

நிறைய. மெத்தனாலை ஏற்ற பம்பு, அமோனியாவை அடைக்க வால்வு, இரட்டைச் சுவர்க் குழாய். ஆனால் உங்க அச்சிலேயே ஊற்றி அனுப்பிவிடாதீங்க. அமோனியாவுக்குப் பித்தளை ஆகாது, செம்பும் ஆகாது. தொட்டால் விரிசல் விடும். வெண்கல புஷ் போட்ட பம்பை அனுப்பினால் பணம் வராது, வழக்குதான் வரும். மெத்தனாலுக்கு அலுமினியமும் சில ரப்பர் சீல்களும் பகை. இதற்கான உலோகக் கலவையை ஒரு ஃபவுண்டரி தனியாக ஆராய்ந்தால் சொத்து கரையும். பத்து ஃபவுண்டரி சேர்ந்து ஒரு சோதனைக்கூடம் வைத்தால் ஆளுக்கு ஒரு லாரிச் செலவு.

அமோனியா கசிந்தால்?
(குடும்பத் தலைவி, மேட்டுப்பாளையம்)

பயப்பட வேண்டியதுதான். 2023 டிசம்பரில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து கசிந்து, நள்ளிரவில் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஐஸ் ஃபேக்டரிகளில் ரொம்ப காலமாக இருக்கிற சரக்குதான், பழக்கம் உண்டு. பழக்கம் பாதுகாப்பு ஆகிவிடாது. தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற மீனவக் குடியிருப்புக்கு எச்சரிக்கைச் சங்கு முதலில் வரட்டும், தொட்டி பிறகு வரட்டும்.

எல்.என்.ஜி. சுத்தமான எரிபொருள்தானே?
(கேஸ் ஏஜென்சி, உடுமலை)

எரிந்தால் எண்ணெயைவிடச் சுத்தம். எரியாமல் நழுவினால் விஷயம் வேறே. எல்.என்.ஜி. என்கிற திரவ இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன்தான். நழுவினால் அது இருபது வருஷக் கணக்கில் கரியமில வாயுவைப் போல எண்பது மடங்கு சூடேற்றும். ஓட்டைக் குடத்தில் பால் கொண்டுபோனால் வீட்டுக்கு வருவது குடம் மட்டும்தான்.

ஹைட்ரஜனுக்குத் தண்ணி வேணுமாமே. அத்திக்கடவு-அவிநாசித் தண்ணியிலும் கை வைப்பீர்களா?
(விவசாயி, பெருந்துறை)

உங்க குளத்துப் பக்கம் யார் வந்தாலும் முதலில் நானே மறிப்பேன். ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 9 லிட்டர் தண்ணீர் வேணும். சுத்திகரிப்பு, குளிர்விப்பு எல்லாம் சேர்த்தால் இன்னும் கூடும். அதைக் கடல்நீரைச் சுத்திகரித்தே எடுக்கலாம். ஒரு கிலோவுக்கு 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் போகிற இடத்தில், உப்பு நீக்க ஆகிற செலவு மீட்டரில் முள் அசைகிற அளவுகூட வராது. தூத்துக்குடிக்காரருக்கே குடிதண்ணி தட்டுப்பாடு. ஆற்றுத் தண்ணியைக் கேட்கிற ஆலைக்கு அனுமதியே கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

பஜ்ஜி சுட்ட எண்ணெயில் கப்பல் ஓடுமா?
(டீக்கடைக்காரர், காந்திபுரம்)

ஓடும்! பழைய சமையல் எண்ணெயை உயிரி டீசலாக்கி, கப்பல் எண்ணெயில் நாலில் ஒரு பங்கு கலந்து சிங்கப்பூரில் ஊற்றுகிறார்கள். இங்கேயும் உணவுப் பாதுகாப்புத் துறை 2018 முதல் பழைய எண்ணெயைத் திரட்டும் திட்டம் வைத்திருக்கிறது. அதில் கொடுத்துவிடுங்க. நாலாம் தடவை காய்ச்சிய எண்ணெய் கப்பலுக்கு நல்லது, என் மாமனாரின் நெஞ்சுக்கு ஆகாது.

கடலை எண்ணெய் ஊற்றி டீசல் இன்ஜின் ஓட்டினார்களாமே, உண்மையா?
(எண்ணெய் வியாபாரி, வெள்ளக்கோவில்)

உண்மைங்க. 1900-ம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. பார்த்தவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லையாம். இன்றைக்கு வெள்ளக்கோவில் விலையில் ஊற்றினால் கப்பல் கம்பெனிக்கு நல்லாவே தெரியும்.

மறுபடியும் பாய்மரம் வருமா?
(நெசவாளர், சென்னிமலை)

வந்தாச்சு. 2023-ல் பிக்சிஸ் ஓஷன் என்ற சரக்குக் கப்பலில் 37.5 மீட்டர் உயரத்துக்கு இரண்டு இறக்கைகளை நிறுத்தினார்கள். சராசரியாக நாளுக்கு 3 டன் எரிபொருள் மிச்சம். துணிக்குப் பதிலாக எஃகும் கண்ணாடியிழையும் என்பதுதான் உங்களுக்கு வருத்தமான செய்தி. ஆடிக் காற்றில் அம்மி பறக்கும்போது கப்பல் நகராதா?

புது எரிபொருள் வரும்வரை சும்மா இருக்கணுமா?
(தனியார் பஸ் நடத்துனர், உக்கடம்)

உங்களிடம் இதைச் சொல்வதற்காகவே காத்திருந்தேன். மெதுவாகப் போகலாம். கப்பல் வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் இன்ஜினுக்கு வேண்டிய சக்தி கால் பங்குக்கு மேல் குறையும். ஆனால் என்ன நடக்கிறது? முதலில் வந்தவருக்கே இடம் என்று விழுந்தடித்து ஓடிவருவது, வந்து நங்கூரம் போட்டு நாள்கணக்கில் நிற்பது. துறைமுகமும் கப்பலும் பேசிவைத்துக்கொண்டால் சரியான நேரத்துக்கு நிதானமாக வரலாம். உக்கடத்தில் முந்தைய பஸ்ஸை விரட்டிப் பிடித்து, டவுன்ஹாலில் இரண்டும் ஒன்றாக நிற்கிறதே, அதே வியாதி.

திருப்பூர்-தூத்துக்குடி லாரிப் புகையை விட்டுவிட்டு நடுக்கடல் புகையைப் பேசுகிறீர்களே?
(டிரைவர், வெள்ளக்கோவில்)

சரியான குத்து. ஒரு டன் சரக்குக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, லாரி விடுகிற புகை பெரிய கப்பலைவிடப் பல மடங்கு. இருகூரில் கண்டெய்னர் முனையம் இருக்கிறது, ரயில் இருக்கிறது. பெட்டியை அதில் ஏற்ற ஆள்தான் வரணும். உங்க பிழைப்பைப் பறிக்கச் சொல்லவில்லை. கம்பெனியிலிருந்து இருகூர் வரை நீங்க ஓட்டுங்க, ராத்திரி வீட்டில் படுங்க.

வ.உ.சி. கோவைச் சிறையில் செக்கிழுத்தாரே. அவர் இருந்தால் இதைப் பற்றி என்ன சொல்வார்?
(தமிழாசிரியர், பேரூர்)

அவர் வாயில் வார்த்தை வைக்கிற துணிச்சல் எனக்கு இல்லை. செய்ததைச் சொல்கிறேன். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி. 25 ரூபாய்ப் பங்கு 40,000. பெரும் பணக்காரர் ஒருவர் வந்து கப்பல் வாங்கிக் கொடுக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் வந்தது. எதிரியான ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்பார்கள். 1908-ல் அவரைப் பிடித்துக் கோவைச் சிறைக்கு அனுப்பி, மாடு கட்டுகிற இடத்தில் கட்டினார்கள். கம்பெனி முடங்கி, காலியா எதிரிக் கம்பெனிக்கே விலைபோனது.

குடைக்கு ஆசைப்பட்டுக் கப்பல் மாறிய பயணியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு இப்போது அவர் பேர். மேலே சொன்ன ஹைட்ரஜன் நிலையத்தைத் திறந்த செப்டம்பர் 5, அவர் பிறந்த நாள்.

அந்த ஹைட்ரஜனை எங்கே போய்ப் பார்க்கலாம் தாத்தா?
(ஏழாம் வகுப்பு மாணவி, சூலூர்)

ஹைட்ரஜன் கண்ணுக்குத் தெரியாது கண்ணு. வெளிச்சமாகத்தான் தெரியும். துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்கு அதிலிருந்து எடுக்கிற மின்சாரத்தில் எரியும்படிதான் அமைத்திருக்கிறார்கள். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் அப்பாவோடு தூத்துக்குடி பஸ் ஏறு, சாயங்காலம் இறங்குகிற மாதிரி. பையில் ஒரு ஸ்வெட்டர் வைக்காதே, அங்கே வேர்க்கும். இருட்டட்டும். விளக்கு எரிந்ததும் அப்பாவின் பனியன் காலரைத் திருப்பி, லேபிளில் என்ன ஊர் எழுதியிருக்கிறது என்று அந்த வெளிச்சத்தில் படித்துவிட்டு எனக்கு ஒரு கார்டு போடு.